இரண்டரைத் தொன் வீட்டுக்கு ஓர் இழுவை வண்டி

1

என் மகள் ஆரணி வேலையை விட்டுவிட்டுக் கரவானில் குடியிருக்கப் போகிறாள் என்று மனைவி வதனி தொலைபேசியில் சொன்னபோது, நான் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆற்றை கரவானிலை?" என்று கேட்டேன்.

"அவளின்ரைதானாம். வாங்கியாச்சாம்."

ஊரில் இருப்பவர்களுக்குக் கரவான் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சில்லுப் பூட்டிய ஒரு பெட்டி வீடு. தானாக ஓடாது. முன்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் கோடையில் அதை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். அங்கே அடுத்த கரவானுக்கு ஆறடி தள்ளி நிறுத்தி, அடுத்தவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்துவிட்டு, இயற்கையோடு இருந்தோம் என்று சொல்லித் திரும்புவார்கள்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. இதைவிட மரியாதையான சொல் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாரிசுக்கு வந்த புதிதில் ஓர் அறையில் எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்தவன் நான். பிறகு இருபது வருடம் பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என்று ஓடி நகரத்துக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். பிள்ளைக்கு நிலையான ஒரு விலாசம் இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். அந்தப் பிள்ளை இப்போது விலாசம் இல்லாமல் இருப்பதற்கு ஆசைப்படுகிறாள். கடிதங்கள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வருமாம். அரசாங்கத்துக்கு ஒரு விலாசம் கட்டாயம் வேண்டுமல்லவா, அதற்கு அப்பா வீடு.

ஆரணிக்கு இருபத்தெட்டு வயது. பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பொறியியலாளர். அவளோடு தொமா என்று ஒரு பிரெஞ்சுப் பெடியன், மின்சார வேலை செய்பவன். எதைக் கேட்டாலும் "பிரச்சினை இல்லை" என்பான். எனக்கு அந்தப் பதிலே பெரிய பிரச்சினை. தெற்கே ஆர்தெஷ் பக்கம் மலைக் கிராமங்களில் பழைய வீடுகளைத் திருத்தும் வேலை இருக்கிறதாம். வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டையும் இழுத்துக்கொண்டு போவார்களாம்.

கரவானைப் பார்க்கப் போனேன். எட்டரை மீற்றர் நீளம், இரண்டு அச்சு, சாமான் ஏற்றினால் இரண்டரைத் தொன். உள்ளே போனதும் பழைய துணியும் பிளாஸ்ரிக்கும் வெயிலில் வெந்த மணம் வந்தது. கழிப்பறைத் தொட்டியை வெளியே இழுத்துக் கழுவ ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். தொமா அதைத் திறந்து காட்டினான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அப்பால் போனேன்.

2

வீடு வந்துவிட்டது, இழுக்க வண்டி இல்லை. அவர்களிடம் இருந்த கார் சந்தைக்குப் போய்வரத்தான் சரி. இரண்டரைத் தொன்னுக்கு ஒரு பிக்கப் வேண்டும்.

லா சப்பலில் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் ஆறு நிபுணர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் ஜெர்மன் வண்டிதான் என்றார். இன்னொருவர் எஞ்சின் பெரிதாக இருந்தால் மலையையே இழுக்கும் என்றார். கறுப்பு நிறம் எடுங்கோ, பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார் மூன்றாமவர். இவர்களில் ஒருவர்கூடச் சந்தைத் தள்ளுவண்டிக்கு மேல் எதையும் இழுத்ததில்லை. என் தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம்.

"மகளுக்கு உங்கடை உதவி தேவைப்படாது அண்ணை," என்றார் கடைக்காரர். "அவை எல்லாத்தையும் கணனியிலை பாத்துடுவினம்."

அது உண்மைதான். ஆரணி ஒரு அட்டவணை போட்டிருந்தாள். எந்த வண்டி எவ்வளவு இழுக்கும், வண்டியும் கரவானும் சேர்ந்து எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்கலாம், எல்லாம் நிரல் நிரலாக இருந்தன. இவ்வளவு பெரிய கரவானை இழுக்கச் சாதாரணக் கார் லைசென்ஸ் போதாது என்று கண்டுபிடித்து, அதற்கு மேலான BE லைசென்சும் எடுத்துவிட்டாள். கணக்கில் அவளை ஒருவராலும் மடக்க முடியாது. அட்டவணையில் முதல் இடத்தில் ஒரு கறுப்பு பிக்கப் நின்றது.

"அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ," என்று வதனி சொன்னதால் தொமாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

3

விற்பவன் வாசனைத் தைலத்தில் குளித்துவிட்டு வந்திருந்தான். வண்டியும் அப்படித்தான். முன்கண்ணாடியில் மூன்று வாசனை அட்டைகள் தொங்கின. சில்லுகள் ஆளின் இடுப்பு உயரத்துக்கு. எடுப்புக்காக வண்டியை ஒரு சாண் தூக்கியிருந்தார்கள். தூக்கிய வண்டியில் கொக்கியும் தூக்கித்தானே நிற்கும். கரவானைக் கட்டினால் மூக்கு வானம் பார்க்கும், வால் தரை பார்க்கும், நெடுஞ்சாலையில் மாட்டு வால்போல ஆடும். தொமா சில்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

நான் சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு வண்டிக்குக் கீழே படுத்தேன். சப்பாத்தை ஏன் கழற்றினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கை கால் தன்பாட்டில் பழைய பழக்கத்தில் இறங்கிவிட்டது.

அடிச்சட்டம் முழுவதும் புதுக் கறுப்புப் பெயின்ட். பின்னச்சுக்கு மேலும் கொக்கி பூட்டிய இடத்திலும் மட்டும் இரண்டு மடங்கு தடிப்பு. ஊரில் லொறி விற்பவர்கள் செய்கிற அதே வேலை. துருவேறிக் கறள் தின்ற இடத்தில் எதையாவது அப்பி, மேலே கறுப்புப் பூசி, நல்ல நாள் பார்த்து விற்பார்கள். விரல் முட்டியால் தட்டினேன். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். இது பலகையைத் தட்டியதுபோல் கிடந்தது. சாவியை எடுத்துச் சுரண்டப் போக, விற்பவன் குனிந்து, "ஐயா, தொட வேண்டாம்," என்றான். எட்டாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்தும் அதே களவு, அதே கறுப்புப் பெயின்ட்.

வெளியே வந்து ஆரணியை ஒரு பக்கம் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இது வேண்டாம். சட்டம் கறள் தின்னிட்டுது."

"பரிசோதனைச் சான்றிதழ் இருக்கப்பா. பாத்தனான்."

"பேப்பர் கிடக்கட்டும். தட்டிப் பாத்தனான். சத்தம் செத்துப்போச்சு."

இதன் பிறகு அவள் பிரெஞ்சுக்கு மாறினாள். சாப்பாடு, சுகம், கோபம் என்றால் அவளுக்குத் தமிழ். ஆதாரம் என்று வந்தால் பிரெஞ்சு. அவள் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"சத்தத்தை வைத்து உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கணித மாணவராக இருந்தவர். லா சப்பலில் ஒரு சின்ன வான் ஓட்டுகிறீர்கள். இது வேறு."

ஏளனமாகச் சொல்லவில்லை. பணிவாகத்தான் சொன்னாள். சனிக்கிழமை வந்து கையெழுத்து வைக்கிறோம் என்று விற்பவனுக்குக் கை கொடுத்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.

4

நான் கணித மாணவன் அல்ல. பல்கலைக்கழக வாசலைக்கூட நான் லொறியில் இருந்துதான் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முதலில் கிளீனர், பிறகு டிரைவர். சுன்னாகத்தில் ஒரு முதலாளியின் லொறியில் வெங்காயமும் சீமெந்தும் ஏற்றினேன். ஆருடைய சாமான் என்று கேட்க முடியாத சாமான்களையும் சில நாட்கள் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். பாரிசுக்கு வந்ததும் அகதி விண்ணப்பத்துக்குக் கேஸ் எழுத வேண்டும். அதை எழுதித் தருவதற்கு லா சப்பலில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். நான் என் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, லொறி எண்டால் ஆற்றை சாமான் ஏத்தினனீ எண்டு கேப்பாங்கள். நீ அதுக்குப் பதில் சொல்லேலாது. மாணவன் எண்டு போடுவம். மாணவனை ஆமி பிடிக்கிறது எல்லாருக்கும் விளங்கும்."

நான் கணித மாணவன் ஆனேன். கேஸ் வென்றது. அகதி அட்டை கிடைத்து ஒரு வருடத்துக்குள் ஊர் லைசென்சை பிறிபெக்சர் என்கிற அரச அலுவலகத்தில் கொடுத்தால் பிரெஞ்சு லைசென்சாக மாற்றித் தருவார்கள். என்னிடம் கனரக வாகன லைசென்ஸ் இருந்தது. ஆனால் கணித மாணவனிடம் கனரக லைசென்ஸ் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் ஒரு தகர பிஸ்கற் ரின்னுக்குள் அதைப் போட்டு மூடினேன். பிறகு சாரதிப் பள்ளிக்குப் போய், இருபத்திரண்டு வயதுப் பெட்டை ஒருத்தியிடம் கிளச் எது பிரேக் எது என்று தொடக்கத்திலிருந்து படித்தேன். முதல் முறை பெயில். கண்ணாடி பார்க்கவில்லையாம். அன்று மெத்ரோவில் வரும்போது எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பிள்ளை பள்ளியில் எதையாவது உளறிவிடும், ஆராவது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், வீட்டுக்குள்ளும் அதே கதையைச் சொன்னோம். அப்பா கணிதம் படித்தவர், இடையில் விட வேண்டி வந்தது. ஆரணி அதை நம்பினாள். சின்ன வயதில் ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்கு விளங்காது. "அதைப் பாத்தால் பழசெல்லாம் ஞாபகம் வருது பிள்ளை, கொண்டு போ," என்பேன். என்மேல் இரக்கப்பட்டுக் கேட்பதை விட்டுவிட்டாள். தானே இருந்து படித்தாள். உயர் வகுப்பில் என்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, "நீங்கள் விட்டதை நான் முடிக்கிறன்," என்றாள். வதனி அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

5

புதன்கிழமை மாஸ்டரைத் தேடிப் போனேன். கேஸ் எழுதும் தொழிலை விட்டுப் பல வருடம். இப்போது பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குத் தினமும் வந்து, வெளியே மர வாங்கில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசுகிறார். எழுபத்தைந்து வயது இருக்கும். நான் என் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. கணித மாணவன் என்றேன்.

"கணிதமோ?" சிரித்தார். "தம்பி, நான் எழுதின மாணவர்களை எல்லாம் ஓரிடத்திலை சேர்த்தால் ஒரு பல்கலைக்கழகம் கட்டலாம். நீ எந்த வருசத்து பட்ச்?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப அதைச் சொன்னால் ஏதும் பிரச்சினை வருமோ மாஸ்டர்?"

"ஆருக்குச் சொல்லப் போறாய்?"

"மகளுக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கைத்தடியால் தரையில் ஏதோ கீறினார்.

"பிறிபெக்சர் எண்டால் ஒரு வழி சொல்லுவன். பிள்ளையளுக்குச் சொல்லுறதுக்கு என்னட்டை கேஸ் இல்லை," என்றார்.

திரும்பி வரும்போது அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் எழுதியது மூன்று பக்கம். மிச்சம் முழுவதும் நான் எழுதியது. குடியுரிமை கிடைத்தும் பல வருடம் ஆகிறது. என்னை இனி யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவள் என்னைப் படித்தவனாகப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் அசிங்கமான உண்மை.

இழுப்பது ஒரு பெரிய வேலையில்லை, எந்த எஞ்சினும் இழுக்கும். மலை இறக்கத்தில் பின்னால் நிற்கிற இரண்டரைத் தொன் முன்னால் இருப்பவனைத் தள்ளும். அப்போது கொக்கி பூட்டிய இடத்தில் கறள் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வியாழன் முழுவதும் அந்த இறக்கம் என் கண்ணுக்குள் நின்றது. லா சப்பலில் இரண்டு கடைக்குச் சாமான் மாறிப் போட்டுப் பேச்சு வாங்கினேன்.

6

வெள்ளிக்கிழமை மாலை ஆரணி சாப்பிட வந்தாள். தொமா வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. பிஸ்கற் ரின்னைத் திறந்து, அந்த லைசென்சை அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வதனி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

ஆரணி அதில் இருந்த படத்தைப் பார்த்தாள். மீசையும் சுருட்டை முடியுமாக ஒருவன்.

"இது ஆர்?"

"நான்தான். கனரக வாகனம் எண்டு கீழை கிடக்கு, வாசி. நான் கம்பசுக்குப் போகேல்லை பிள்ளை. லொறி ஓடினனான். ஒன்பது வருசம். கேஸுக்காண்டி மாத்திச் சொன்னது. பிறகு உனக்கும் அதையே சொல்லிப்போட்டன்."

அவள் லைசென்சைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் திருப்பினாள். கத்துவாள், அழுவாள், எழுந்து போவாள் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவள் பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அந்த பிக்கப்பிலை என்ன பிழை? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ."

சொன்னேன். கறளைப் பற்றி, தூக்கிய வண்டியைப் பற்றி, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே நீளம் இருந்தால்தான் பின்னால் உள்ளது ஆட்டாது என்பதைப் பற்றி. பாரமான சாமானைக் கரவானின் அச்சுக்கு மேல் வைக்க வேண்டும், வாலில் வைக்கவே கூடாது என்பதை. இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்க வேண்டும் என்பதை. இரண்டு மணித்தியாலம் பேசினேன். அவள் எட்டுப் பக்கம் எழுதினாள். அவள் பிறந்த நாளிலிருந்து நான் அவளோடு இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. மற்ற விசயம் பற்றி ஒரு சொல்கூட அவள் கேட்கவில்லை. லைசென்சை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை கையெழுத்து வைக்கவில்லை.

7

அதன் பிறகு மூன்று வாரம் வண்டி வண்டியாகக் கீழே மல்லாந்து படுத்தேன். பொய்யை மணந்து மணந்து மூக்கே மரத்துப்போயிற்று. ஒருவன் ஓடிய கிலோமீற்றர் கணக்கைக் குறைத்திருந்தான். ஒருவன் அடிபட்டு நெளிந்த சட்டத்தை நிமிர்த்தி வைத்திருந்தான். ஒருவன் எஞ்சினைக் கழுவி மினுக்கியிருந்த விதத்திலேயே எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். ஆரணி ஒவ்வொன்றையும் முதலில் தான் தட்டிக் கேட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு விவசாயியிடம் ஒரு சாம்பல் நிற பிக்கப் கிடைத்தது. பக்கத்தில் நெளிவு, இருக்கையில் நாய் மயிர், பின்தட்டெல்லாம் சாணம். கீழே படுத்தால் தூசு மட்டும்தான். தட்டினேன், பேசியது. ஆரணியும் தட்டினாள். "இது எனக்கும் கேக்குது," என்றாள்.

ஒரு ஞாயிறு காலை, சென் தெனி பக்கம் ஒரு வெறும் வண்டித் தரிப்பிடத்தில் கரவானைக் கட்டி ஆரணியைப் பின்னோக்கி எடுக்கப் பழக்கினேன். தொமா பின்னால் கமரா பூட்டலாம் என்றான். பூட்டு, ஆனால் இதையும் பழகு என்று லொறிக்காரர் தட்டிச் சொல்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். பின்னால் நிற்கிறவன் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ரைட், போகலாம். தொமாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. போகிற வருகிற எல்லாவற்றையும் இரண்டு தட்டுத் தட்டினான். என்னிடம் இருப்பது கார் லைசென்ஸ் மட்டும் என்பதால் நான் ஒரு அடிகூட ஓட்டவில்லை. ஓட்டத் தெரிந்தவன் வெளியே நின்றான்.

போகிற நாள் ஆர்ஜொந்தெயில் எங்கள் வாசலில் வண்டி நின்றது. வதனி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்து அழுதுகொண்டிருந்தாள். தொமா வழி பார்க்கிறேன் என்று முன்னால் தெருச் சந்திக்குப் போனான். நான் கொக்கியை, சங்கிலியை, விளக்கை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் போய், கரவானில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

வண்டி நகரவில்லை.

மறுபடியும் தட்டினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நின்றது. கேட்கவில்லையோ என்று முன்னால் போனேன். ஆரணி கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு கையும் ஸ்ரேரிங்கில்.

"அப்பா, நான் ஆருக்காண்டிப் படிச்சனான்?"

தமிழில் கேட்டாள்.

இத்தனை நாளும் இந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து இரும்பைத் தட்டியிருக்கிறாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது, நல்ல பொய். அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கேஸிலை எழுதியிருந்த பெடியனுக்காண்டி," என்றேன். "அப்பிடி ஒருத்தன் இருக்கேல்லை பிள்ளை."

அவள் முன்னால் பார்த்துக்கொண்டு தலையை ஒருமுறை ஆட்டினாள். பிறகு கையை நீட்டி வண்டியின் கதவை வெளிப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினாள். நான் பிடியை விட்டு விலகினேன்.